முங்கல் எண் 2,316

வைகாசியில் வட்டாமுவில் கடையை மூடிவிடுவார்கள்.
தென்காற்று ஏறிக் கடல் கலங்கினால்
ஜெர்மன்காரன் வரமாட்டான், இத்தாலிக்காரி வரமாட்டாள்.
கம்ப்ரஸருக்கு எண்ணெய் விட்டு, ரப்பர் உடுப்புகளை
நல்ல தண்ணீரில் அலசித் தலைகீழாகத் தொங்கவிட்டு
நான் கூடுதாழைக்கு வந்துவிடுவேன்.
பாஸ்போர்ட்டில் ரெமிஜியுஸ் வாஸ். அங்கே ரெமி.
ஊரில், வெள்ளைக்காரனைக் குளிப்பாட்டுகிறவன்.

இந்த விடுப்பின் ஒன்பதாம் நாள்
இடையன்குடிப் பக்கமிருந்து ஒரு ஸ்கூட்டி வந்தது.
தங்கபுஷ்பம். ஐம்பது இருக்கும். இறங்காமலே கேட்டாள்:
"கிணத்துக்குள்ள மோட்டார் விழுந்துட்டு. கயிறு அத்துட்டு.
சங்கு குளிக்கிற பயலுவ கிணத்துல முங்க மாட்டானுவளாம்.
முருங்கை வாடுது. நீரு எவ்வளவு கேப்பீரு?"

அங்கே பலகையில் எழுதிப் போட்டிருக்கிறோம்:
இரண்டு முங்கல், நூற்றுப்பத்து டாலர்,
மதியம் தேங்காய்ச் சோறும் அன்னாசியும் உண்டு,
திருக்கை தென்படாவிட்டால் பணம் வாபஸ் கிடையாது.
இதையெல்லாம் ஸ்கூட்டியில் இருக்கிறவளிடம் எப்படிச் சொல்ல.
"பார்த்துக் குடுங்க" என்றேன்.

தூத்துக்குடியில் இரவல் வாங்கிய சிலிண்டர்
தேரிச் செம்மண்ணில் டெம்போவோடு குலுங்கி வந்தது.
எண்பதடிக் கிணறு. தண்ணீர் ஐம்பத்தைந்து.
வேலிக்கு அப்பால் காற்றாலைகள் ஓயாமல் சுற்ற
கிணற்றுக்குள் ஒரு தும்பை இலைகூட அசையவில்லை.

கடலுக்குக் கட்டுகிற அதே ஈயத்தைக் கட்டிக்கொண்டேன்.
தப்பு. உப்பில்லாத தண்ணீர் ஆளைத் தாங்காது.
யாரோ தோளில் ஏறி உட்கார்ந்ததுபோல் இறங்கினேன்.
பச்சை. பிறகு பழுப்பு.
பிறகு என் கையே எனக்கில்லை.

வட்டாமுவில் ஆமைக்குக் கஸா என்று பெயர்.
எங்கள் பக்கம் நிலைகொள்ளாத ஆழத்துக்குக் கசம்.
பதினோரு வருடம் அதைக் காட்டிச் சம்பளம் வாங்கினேன்,
இதை நினைக்காமல்.

தடவித் தடவி அகப்பட்டவை:
நசுங்கிய சருவம்.
ஆட்டுக்கொம்பு, ஒற்றை.
வளையல் துண்டோ என்னவோ, விட்டுவிட்டேன்.
கடைசியில் மோட்டார், சகதியில் கன்றுக்குட்டிபோல் ஒருக்களித்து.
கயிறு போட்டு மூன்று இழுப்பு இழுத்தேன்.
சேறு சொரிந்துகொண்டே அது என்னைத் தாண்டி ஏறியது.

இனி ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும்,
ரத்தத்தில் ஏறிய காற்று இறங்க.
படுக்கையிலிருந்தும் இவர் இப்படித்தான் எழுந்திருக்கிறார்
என்பாள் என் மனைவி.
நின்றேன். எண்ணினேன்.

மேலே இதெல்லாம் யாருக்குத் தெரியும்.
மோட்டார் வந்தாச்சு, ஆளைக் காணும்.
குமிழி வருதே என்றிருக்கிறான் டெம்போக்காரன்.
"செத்தவனுக்கும் கொஞ்ச நேரம் வரும்லா" என்றிருக்கிறாள் அவள்.

நூற்று நாற்பது எண்ணும்போது தண்ணீர் உடைந்தது.
தலைக்குமேல் ஒரு சேலை, குடையாக விரிந்து,
குடைக்குள்ளிருந்து நீண்ட ஒரு கை
என் முடியைப் பிடித்தது.

பயந்தவர்களின் வாரை, மயங்கியவர்களின் தாடையை
நான்தான் பிடிப்பேன், எப்போதும்.
சுறாவைக் கண்டு முகமூடிக்குள் அழுத ஒருத்தியை
கரைவரை கையில் பிடித்தே கொண்டுவந்திருக்கிறேன்.
என்னைப் பிடிக்க யாரும் குதித்ததில்லை.

கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து வட்டம் காட்டினேன்:
நலம்.
அவளுக்கு அது எந்த ஊர்ப் பாஷையோ. இன்னும் பலமாக இழுத்தாள்.
மிச்சம் நாற்பதை எண்ணவில்லை.

படிக்கல்லில் உட்கார்ந்து இருமினாள். பிறகு ஏசினாள்.
"உள்ள நின்னுக்கிட்டு என்னவே செஞ்சீரு, செபமா?"
ஏறக்குறைய, என்றேன்.

எழுநூறு ரூபாய். ஒரு சாக்கு முருங்கைக்காய்.
ஈரக்கையோடு பதிவேட்டைத் திறந்தேன்.
இடம்: தங்கபுஷ்பம் கிணறு.
ஆழம்: பதினாறு மீட்டர்.
பார்வைத் தூரம்: ஒரு சாண், அதுவும் மேலே.
கண்ட உயிரினங்கள்: கோடு போட்டுவிட்டேன்.
கூட முங்கியவர் கையொப்பம்

நீட்டினேன்.
கையைச் சேலையில் துடைத்தாள், சேலையும் ஈரம்.
பேனாவை வாங்கிக்கொண்டு,
"இன்ஷியலோடயா?" என்றாள்.